கண்டக்டரம்மா பேசாத கூட்டம்

பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே பாதி ஆயுளைக் கழித்தவருக்கு அந்தப் பழக்கம் லேசில் போகுமா? தேர்தலில் நின்ற பிறகும், கூட்டத்தைப் பார்த்தால் கண்டக்டரம்மாவின் வாய் தானாக "முன்னாடி நகருங்க, பின்னாடி எடம் விடுங்க" என்றுதான் ஆரம்பிக்கும். ஜனங்கள் சிரிப்பார்கள். நின்றதோ பரந்து விரிந்த தொகுதி, அத்தனை ஊர்க்காரர்களும் ஓட்டுப் போட வேண்டும். இவரிடம் இருந்ததோ ஓட்டை வேன் ஒன்று, ஒரு மைக்செட்காரன், நோட்டீஸ் கொடுக்க நாத்தனார். இதை வைத்துக்கொண்டு கிளம்பியதற்குத் துணிச்சல் என்று நான் பெயர் வைப்பேன். சொந்தக்காரர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ஊருக்கு ஊர் ஆம்புலன்ஸ். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்த கணவர், வண்டி வருவதற்குள் போய்விட்டார். அதைத்தான் போகிற இடமெல்லாம் சொன்னார். முதல் ஊரில் அழுது பாதியில் நிறுத்திவிட்டார். போகப்போக, எந்த இடத்தில் நிறுத்தினால் ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்பது அத்துப்படியாகிவிட்டது. இப்போதெல்லாம் அவருக்கு அழுகையே வருவதில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது. நாத்தனாரோ, அந்தக் கதை தொடங்கியதும் வேனுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். செத்தது அவளுடைய அண்ணன்.

அன்றைக்கு ஒரு தெருத் திருப்பத்தில் பந்தல், வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கொள்ளாத கூட்டம். மைக்செட்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ தங்களுக்காகச் சேர்த்து வைத்த கூட்டம் என்று நினைத்து, பாட்டைப் போட்டு, "இதோ வந்துவிட்டார் உங்கள் கண்டக்டரம்மா" என்று முழங்கிவிட்டான். அவரும் வாய் நிறையச் சிரித்துக் கையாட்டியபடி இறங்கினார். பதிலுக்கு ஒரு கைகூட எழவில்லை. பந்தலுக்கு நடுவில் ஒரு ஆளைக் கிடத்தியிருந்தார்கள்.

பாட்டு நின்றது. கண்டக்டரம்மா கூனிக் குறுகிப்போனார். இறந்தவனின் அண்ணன் எழுந்து வந்தார். அவர் கோபப்படவில்லை.

"வந்தது வந்துட்டீங்க, பேசிட்டே போங்கம்மா. என் தம்பிக்கும் வண்டி வரல. நீங்க பேசினா இங்க இருக்கிற எல்லாரும் உங்களுக்குத்தான் போடுவாங்க."

கண்டக்டரம்மாவின் கண் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணிவிட்டது. இத்தனை பேர் அவர் பேச்சுக்கு எங்கேயும் கூடியதில்லை. மைக் கைக்கு வந்தது. அப்போது, உடலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலையைத் தூக்கினாள்.

"பேசுங்கக்கா. ஆனா அடுத்த ஊர்ல போய் இவரப் பத்திப் பேசாதீங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்டக்டரம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உடலை எடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. மைக்செட்காரன் மட்டும் இருப்புக்கொள்ளாமல் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

வேன் அந்த ஊரைத் தாண்டியதும் கண்டக்டரம்மா நாத்தனாரிடம் கேட்டார். "அவ சொன்னத நீ எப்போலேர்ந்து மனசுல வச்சிருக்க?"

"மொத ஊர்லேர்ந்து, அண்ணி."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்க ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு."

அடுத்த ஊரில் சுமாரான கூட்டம். முன்னாடி நகருங்க என்றார், சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் வேண்டும் என்றார், தலையாட்டினார்கள். கதை வர வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

முன்வரிசையில் ஒருவர் விடவில்லை. "உங்க வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு சொல்லுங்கம்மா. அதக் கேக்கத்தான வந்தோம்."

"அத இனிமே சொல்றதா இல்லீங்க. வண்டி வேணும், அதுக்கு ஓட்டுப் போடுங்க. அவ்வளவுதான்."

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. போவதெல்லாம் ஓட்டு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. நாத்தனார் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கி, போகிறவர்கள் பின்னாலேயே ஓடினாள். விறுவிறுவென்று தோளைச் சாய்த்து ஓடும் அந்த ஓட்டம் அப்படியே அவள் அண்ணனுடையது.

மைக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, கண்டக்டரம்மா வேன் படியில் உட்கார்ந்து அழுதார்.