ஒரு விரல் தூரம்

போடிமெட்டு டீக்கடையில் எங்கள் ஜீப்பு நின்றபோதுதான் கூட வந்த அவரைக் கவனித்தேன். நாற்பது வயதிருக்கும். சூடான டீ கிளாசுக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோவார், தொடாமல் நிறுத்துவார், கொஞ்சம் விலக்குவார்.

"என்ன சோலி பாக்குறீங்க?" என்றேன்.

சூரியனைப் போலக் கொதிக்கும் வாயுவை ரேடியோ அலையால் சூடேற்றும் ஆய்வுக்கூடத்தில் வேலையாம். அலையை அனுப்பும் ஆண்டெனா அவர் பொறுப்பு.

"தள்ளி வச்சா அலை உள்ள போகாம திரும்பி வந்துரும். கிட்ட வச்சா ஆண்டெனா கருகிரும்ணே."

நான் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்ப்பவன். "எங்களுக்கும் அதே பாடுதான். தீ கொறஞ்சா காய் உலராது, கூடுனா கருகிரும்" என்றேன்.

"உங்க காய் வச்ச எடத்துல கெடக்கும். எங்க வாயுவோட ஓரம் அலைஞ்சுக்கிட்டே இருக்கும்." குரல் இறங்கியது. "போன வாரம் ஒரு விரல் கூடுதலா உள்ள தள்ளிட்டேன். ஆண்டெனா போச்சு. மெசின் கோளாறுன்னு எழுதிக் குடுத்துட்டு லீவுல வந்துட்டேன்."

"வெரசா உண்மையச் சொல்லிருங்க" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"அடுத்த வண்டியில வர்றேண்ணே" என்றார். ஜீப்பு திரும்பும்போது பார்த்தேன். போனைக் காதுக்குக் கொண்டுபோவதும் விலக்குவதுமாக நின்றிருந்தார்.

சொன்னாரோ என்னவோ. அவரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. போன சீசனில் அடுப்பில் விறகைத் திணித்துவிட்டுத் தூங்கிப்போனேன், ஒரு லோடு காய் கருகியது. விறகு சரியில்லை என்றேன். முதலாளி விறகுக்காரரை மாற்றிவிட்டார். அந்தப் பழைய விறகுக்காரர் இன்றும் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரிக்கிறார்.