மூன்று பிஸ்டனும் ஒரு கார்பரேட்டரும்

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயன ஆலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. வருகிற டிரம் ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்து, சீட்டில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது வருடமாக இதையே செய்ததில், யார் எதைக் கொடுத்தாலும் திருப்பிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது. மனைவி பொறுத்துக்கொண்டாள். அவள் தம்பியிடம்தான் அது வினையாக முடிந்தது.

அவன் சிதம்பரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். என்னுடையது கார்பரேட்டர் வைத்த பழைய எண்ணூறு சிசி சின்ன கார். போன வருடம் அது நீலப் புகை கக்கி ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. அவனிடம் கொண்டுபோனேன்.

"சிலிண்டரக் கடைஞ்சி போர் பண்ணி பிஸ்டன், ரிங்கு மாத்தணும் மாமா. ஒரிஜினல் இப்ப வர்றதில்ல. வெளி கம்பெனி ஐட்டம்தான் போடணும்."

"வெளி கம்பெனின்னா டூப்ளிகேட்டா?"

"அது வேற, இது வேற மாமா," என்றான் சலிப்போடு.

புது பிஸ்டன்கள் வந்ததும், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கடலூரில் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த நகைக்கடைக்காரர் தராசில் வைத்துக் காட்டினார். நல்ல சரக்கென்றால் மூன்றும் ஒரே எடை இருக்க வேண்டும்; ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதில் இவ்வளவு சுத்தம் என்றால், கை வைக்கப்போவது வேறெதிலோ என்று தோன்றியது. பிஸ்டன்களைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, அவன் டீ வாங்க வெளியே போன நேரம், கழற்றி வைத்திருந்த கார்பரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றிலும் கண்ணில் படாத அடிப்பக்கமாக மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன்.

பத்து நாளில் கார் தயாரானது. புகை சுத்தமாக நின்றிருந்தது. வீட்டுக்கு ஓட்டி வந்து, பானெட்டைத் திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியை அடியில் பிடித்து டார்ச் அடித்தேன். கார்பரேட்டரில் பொட்டு இல்லை. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கழுவியிருப்பான், போயிருக்கும்," என்றாள் மனைவி.

"மத்த ரெண்டுல இருக்கே?"

"என் தம்பிய திருடன்னு சொல்றீங்க," என்று உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஓய்வு நாளில், சொல்லாமல், பஸ் ஏறி சிதம்பரம் போனேன். அவனிடமும் அதே மாதிரி கார் ஒன்று உண்டு. ஒர்க்‌ஷாப் வாசலில் பானெட் திறந்தபடி நின்றது. குனிந்து எட்டிப் பார்த்தேன். கார்பரேட்டரின் அடியில் சிவப்புப் பொட்டு. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"என்னா மாமா தேடுறீங்க?" பின்னால் நின்றான்.

"என் கார்பரேட்டர் உன் வண்டிக்கு எப்படி வந்துச்சு?"

அவன் கத்தவில்லை. ஸ்பேனர் எடுத்து அதைக் கழற்றினான். எஞ்சினோடு பொருந்தும் தட்டையான பக்கத்தைத் துடைத்து, அதன்மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, வெயிலுக்கு எதிரே பிடித்தான். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

"வளஞ்சி கெடக்கு. இதப் போட்டா காத்து இழுத்து புது பிஸ்டன கெடுத்துடும். கடையில வர்ற கார்பரேட்டர் மேல எனக்கே நம்பிக்க இல்ல. அதான் என் வண்டில இருந்தத உங்களுக்குப் போட்டேன். நான் ஊருக்குள்ளதான் ஓட்டறேன். நீங்க அக்காவையும் புள்ளைங்களையும் ஏத்திக்கிட்டுப் போறீங்க."

"சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?" கார்பரேட்டரைத் திருப்பிப் பொட்டைக் காட்டினான். "இதப் பாத்த அன்னிக்கே வண்டிய எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கணும். அக்காவுக்காக முடிச்சிக் குடுத்தேன்."

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. டீ சாப்பிடலாம் வா என்று ஏதோ சொன்னேன். அவன் வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவமானத்தில் குறுகி உட்கார்ந்திருந்தபோதே, அந்த ஸ்கேல் நேரானதுதானா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

பொங்கலுக்கு வந்தான். சாப்பிட்டான், பிள்ளைகளோடு சிரித்துப் பேசினான். வாசலில் நின்ற காரை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம் டைமிங் பெல்ட் மாற்ற அவனிடமே விட்டேன். கழற்றிய பெல்ட், புதுப் பெல்ட்டின் பெட்டி, மாட்டும்போது, மாட்டிய பிறகு என்று வரிசையாகப் படம் எடுத்து என் போனுக்கு அனுப்பினான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. இதெல்லாம் வேண்டாம் மச்சான் என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.