கட்டிலடிக்கு வந்த பிள்ளையார்

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு என் மாமியார் பகவதியம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். நான் அப்போது கூடத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் சரியாகத் தெரியும். குடம் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தேன். பாசி பிடித்த கல்லின்மேல் ஈரப்புடவையோடு கிடந்தார். வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நான் திருவனந்தபுரம் வலியசாலையில் குடியிருப்பவன். சர்க்கார் கச்சேரியில் ரிகார்டு பிரிவில் உத்தியோகம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. மாமனார் காலமான பிறகு மாமியார் எங்களோடுதான் இருந்தார். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் என்னிடம் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாப்பிள்ளை எதிரில் வருவதும் பேசுவதும் மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். நான் இலையில் உட்கார்ந்திருக்கும்போதே, “மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் விடு” என்று கதவுக்குப் பின்னாலிருந்து மகளிடம், என் மனைவி விசாலத்திடம், சொல்வார்.

அன்று அவரை நான்தான் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவர், தலைப்பை முகத்தின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, “விசாலம், மாப்பிள்ளையை இறக்கிவிடச் சொல்லுடி. நான் நடந்தே வந்துடறேன்” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருக்கிறது என்றார். எஃகு ஆணி ஒன்றைச் செலுத்தி எலும்பைச் சேர்க்க வேண்டும். நோயாளிக்கு அறுபத்திரண்டு வயது, மயக்க மருந்தைத் தாங்குவாரா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். சம்மதக் காகிதத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து என் கையெழுத்துப் போலவே இல்லை.

பதினான்காம் தேதி புதன்கிழமை ஆபரேஷன். விடிந்ததும் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். பிள்ளையார் முன்னால் நின்றபோது வாயில் ஒரு ஸ்லோகமும் வரவில்லை. மரத்தின் முதல் காயும் பசுவின் முதல் பாலும் சுவாமிக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த நினைவில்தான் சொல்லிவிட்டேன்: “இவர் பிழைத்து எழுந்தால், முதல் அடியை உன் சன்னிதியில்தான் வைப்பார். அதுவரை அந்தப் பாதம் தரையில் படாது.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆவணி மூன்றாம் தேதி வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆபரேஷனிலிருந்து ஐந்து வாரம் கழிந்ததும் எழுப்பி நிறுத்த வேண்டும், ஊன்றுகட்டையைப் பிடித்துத் தினமும் இரண்டு அடியாவது நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்கள் வீட்டில் பழவங்காடிச் சன்னிதி ஏது? என் வேண்டுதலை யாரிடமும் சொல்லவில்லை.

மற்ற எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தோம். தோளுக்குக் கீழே நான் கை கொடுத்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். விசாலம் கீழே பாத்திரம் வைப்பாள். அந்தச் சிரமத்தை எங்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று மாமியார் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எத்தனை டம்ளர் குடித்தார் என்று நாட்குறிப்பில் எழுதினேன். “மாப்பிள்ளை ஆபீசிலே எழுதறது போதாதா, நான் குடிக்கிற தண்ணியையும் எழுதணுமா?” என்று மகளிடம் கேட்டார்.

பதினெட்டாம் தேதி ஐந்து வாரம் முடிந்தது. நான் எழுப்பவில்லை. “இன்னும் கொஞ்சம் பலம் வரட்டும்” என்றேன். விசாலம் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். இருபத்திரண்டாம் தேதி இருமல் ஆரம்பித்தது. இருபத்தைந்தாம் தேதி முதுகில் சிவந்த தடம். சாப்பாடு பாதியாயிற்று. பேச்சும் குறைந்து சுவரைப் பார்த்தபடியே கிடந்தார்.

இருபத்தாறாம் தேதி டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். அவர் மலையாளி, எங்களிடம் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார்.

“என்ன சாமி, இன்னும் கட்டில்லேயே கிடத்தியிருக்கு? ஆணி வெச்சது எழுந்து நடக்கத்தான், கேட்டோ. இப்படியே கிடந்தா நெஞ்சில சளி கட்டும். பின்னே என்னால ஒண்ணும் செய்ய ஒக்காது.”

வண்டியில் வைத்துக் கோயிலுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “வில்வண்டி குலுக்கத்துக்கா? சில மாசம் கழிச்சு நோக்காம்” என்று அப்போதைக்கு மறுத்துவிட்டார்.

அவர் போனதும் சமையலறைக்குப் போய் விசாலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏன்னா, அது அம்மாவோட கால் இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

பிறகு வந்த மூன்று காலையிலும் பழவங்காடிக்குப் போனேன். வாக்கை மீறவும் பயம், காக்கவும் பயம். இருபத்தைந்து வருஷம் ரிகார்டுகளோடு இருந்தவனுக்கு, ஒரு முறை பதிவானதை மாற்றக் கை வராது. “நான் கட்டிய முடிச்சு எனக்கே அவிழ்க்கத் தெரியவில்லை. அந்த அம்மாளைத் தண்டிக்காதே. நீயே ஒரு வழி சொல்லு” என்று அழுதேன். நாற்பத்தேழு வயதில், அத்தனை பேர் நடுவில் அழுதேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மாமியார் குரல் கேட்டது. விசாலம் அவரிடம் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது.

“மாப்பிள்ளை வந்தாச்சா?”

“வந்தாச்சும்மா.”

“கேளு அவரை. என் காலை என்னைக் கேக்காம நேர்ந்துண்டாரே, நான் அவர் குடுமியை நேர்ந்துண்டா சும்மா இருப்பாரா?”

விசாலம் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். “அம்மா கேக்கறா...” என்று ஆரம்பித்தாள்.

“காதிலே விழுந்தது” என்றேன்.

“சரி, கொஞ்சம் மஞ்சப்பொடி குழைச்சுக் கொண்டாடி” என்றார் மாமியார். “நான் பழவங்காடிக்குப் போக முடியாது. பிள்ளையார் இங்கே வரட்டும். அவர் இடுப்பிலே ஆணி ஒண்ணும் இல்லையே.”

படுத்தபடியே மஞ்சளை உருட்டித் தன் விரலால் பிள்ளையார் பிடித்தார். வெற்றிலையில் வைத்து, கட்டிலுக்கு எதிரே இருந்த முக்காலியைக் காட்டினார். ஆவாகனம் பண்ணும்படி என்னிடம் சொல்லுமாறு மகளிடம் சொன்னார்.

எந்தப் பூஜையானாலும் முதலில் மஞ்சள் பிள்ளையாரைப் பிடித்து வைத்து, ‘இங்கே எழுந்தருள வேண்டும்’ என்று கூப்பிடுகிறோம். பூணூல் போட்ட நாள் முதல் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். கூப்பிட்டால் வருவார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மந்திரத்தைச் சொன்னேன். வந்து உட்கார்ந்துவிட்டார் என்று மனம் நம்பியது. அவர் இருக்கும் இடம் சன்னிதிதானே.

விசாலம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆணி வைத்த காலில் பாரம் கொடுக்காமல், ஊன்றுகட்டைகளை அழுத்திக்கொண்டு எழுந்தார். உடம்பெல்லாம் வேர்த்தது. இடது கால், பிறகு வலது கால். முக்காலி அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது. பிள்ளையார் முன்னால் நின்று மூச்சு வாங்கினார். ஆவணி இருபத்தொன்பது, காலை எட்டு மணி ஐந்து நிமிஷம். அதற்கு மேல் அன்றைக்கு நாட்குறிப்பில் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஒரு பிள்ளையார். முந்தின நாளை விட ஒரு சாண் தள்ளி வைப்போம். மாலையில் கிணற்றுநீரில் கரைத்துத் துளசிக்கு விடுவோம். நான் அடிக்கோல் வைத்து அளந்து எழுதினேன். புரட்டாசி ஏழாம் தேதி மாமியார் ஜன்னலை எட்டினார். இருமல் நின்றது. முதுகுத் தடமும் ஆறிற்று. இருபதாம் தேதி கூடத்துக்குப் பாதி வழியில் கால் வலித்து, “இனி முடியாதுடி” என்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். விசாலம் போய் வெற்றிலையோடு பிள்ளையாரை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

“அளவு குறையறதே” என்றேன்.

“அம்மாவுக்கு முடியாத நாளிலே அவர் ரெண்டடி கிட்ட வரப்படாதா? கோலைக் கீழே வையுங்கோ” என்றாள்.

வைத்தேன். அடுத்த நாள் மாமியார் அந்த நாற்காலியைத் தாண்டினார்.

கார்த்திகையில் சமையலறை. மார்கழியில் வாசற்படி. தை மாதம் முதல் வெள்ளிக்கிழமை, டாக்டர் சம்மதத்தோடு வில்வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டுப் பழவங்காடிக்குப் போனோம். மாமியார் ஒரு கையில் தடியோடு இறங்கினார். மறு கையை நான் பிடித்திருந்தேன். விசாலம் பூக்கடைக்குப் போயிருந்தாள். அங்கே தேங்காயை ஓங்கி எறிந்து உடைப்பதுதான் வழக்கம். சுற்றிலும் சில்லு தெறித்துக்கொண்டிருந்தது. என் இடது கையில் தேங்காய். வலது கையில் அவர் கை. ஆடி ஒன்பதிலிருந்து பிடித்த கை. விட எனக்குத் தைரியம் வரவில்லை. விசாலம் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

“கையை விடுங்கோ மாப்பிள்ளை. நான் நிப்பேன்.”

என்னிடம்தான் சொன்னார். நடுவில் யாரும் இல்லை. கையை விட்டேன். தேங்காயை எறிந்தேன். திரும்பிப் பார்த்தபோது, தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் குவித்து, தன் இரண்டு காலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்பர்களே, நான் கேட்டது ஓர் அற்புதம். கிடைத்தது தினமும் ஒரு சாண். டாக்டரின் ஆணியும் விசாலத்தின் கைகளும் அந்த அம்மாளின் மனத்திடமும் அவன் அருளின் வழிகள் என்றே நம்புகிறேன். இப்போது நான் யார் பேரிலும் நேர்ந்துகொள்வதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது எழ முடியாமல் படுத்திருக்கலாம். பார்த்துக்கொள்ளும் உங்கள் முதுகும் மனசும் ஒடிந்திருக்கலாம். சன்னிதி தூரத்தில் இருக்கிறது என்று தளர்ந்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பிள்ளையார் முன்னால் ‘எழுந்தருள வேண்டும்’ என்று சொன்ன பிறகு, முன்போல அடுத்த மந்திரத்துக்கு ஓடாமல் சற்று நிறுத்துகிறேன். நீங்களும் கூப்பிட்டுவிட்டுச் சற்று நில்லுங்கள். வருகிறவருக்கு நேரம் கொடுங்கள்.