மலர்க்கொடி ஏன் திரும்பி வந்தாள்?

இரண்டு வாரம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திருச்சி ஏர்போர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மலர்க்கொடி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

முந்தின நாள் காலைதான் அவளை அதே வாசலில் இறக்கிவிட்டு, கையாட்டிவிட்டு வந்திருந்தேன். ஒரு மாதம் கழித்து வரவேண்டியவள்… ஒரே நாளில் வந்து நிற்கிறாள்.

“உள்ள விடலண்ணே” என்றாள். அழவில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சொல்வது போலச் சொன்னாள்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கிற உங்களுக்கு என் பாணி தெரியும். எங்கேயாவது போவேன், எதிலாவது மாட்டிக்கொள்வேன், கடைசியில் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். இந்த வாரமும் ஜோக் தேடினேன். அகப்படவில்லை.

மலர்க்கொடி என் சித்தி மகள். செட்டிகுளத்தில் இருக்கிறாள். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. வெங்காயக் காட்டைத் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டு, ஒரே மகள் கோமதியைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துகொடுத்தவள். கோமதியும் அவள் கணவனும் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள். திருச்சியிலிருந்து நாலரை மணி நேரம் பறந்தால் போய்விடலாம். நாட்டின் பெயர் வேண்டாம் — தப்பு அந்த நாட்டின் மேல் இல்லை.

கோமதிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ள லீவு கிடைக்கவில்லை. மகள் வர முடியாவிட்டால் அம்மா போகவேண்டியதுதானே? சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும், சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அந்த நாட்டில் முன்கூட்டி விசா வேண்டாம். போய் இறங்கி, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள்.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன்.

நான் நாலு நாடு பார்த்தவன். தமிழ் விழா, மேடை, சால்வை என்று போய் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியாத இமிகிரேஷனா? மலர்க்கொடியைப் பெரம்பலூரில் என் வீட்டுக்கு வரவழைத்தேன். ஹாலில் மேஜையைப் போட்டு, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அதிகாரி மாதிரி உட்கார்ந்தேன்.

“எதுக்கு வந்தீங்க?”

“எம் பொண்ணுக்குப் பிரசவங்க…”

“தப்பு! சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லணும்.”

“ஏண்ணே? பிரசவத்துக்குத்தானே போறேன்?”

“பொண்ணு இங்கதான் இருக்கான்னு சொன்னா, இந்தம்மா திரும்பிப் போகாது, இங்கயே தங்கிடும்னு நெனப்பான். குழந்தைய பாத்துக்க வந்தேன்னு சொன்னா, ஓஹோ, சம்பளமில்லாத வேலைக்கு ஆள் கூட்டியாந்திருக்காங்கன்னு நெனப்பான். உனக்கு அங்க யாருமே இல்ல. புரிஞ்சுதா?”

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் தலையாட்டினாள். பேப்பரில் பெயர் வருகிற அண்ணன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

மருமகன் ஒரு கடிதம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். இவர் என் மாமியார், என் மனைவியின் பிரசவத்துக்கு வருகிறார், எங்கள் வீட்டில் தங்குவார், இந்தத் தேதியில் திரும்புவார் என்று தெளிவாக இருந்தது. கூடவே ஆஸ்பத்திரி சீட்டு. படித்துப் பார்த்தேன். “இத காட்டுனா காரியம் கெட்டுது. அழிச்சுடு” என்றேன். என் கண்ணெதிரிலேயே அழித்தாள். “கோமதிகிட்ட இதெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. மாசமா இருக்கற புள்ள, பயந்துடும்” என்று வேறு சொல்லிவைத்தேன்.

அதோடு விட்டேனா? ஒரு ஹோட்டலில் மூன்று நாளைக்கு ரூம் போட்டு, அந்தப் பேப்பரை அவள் கைப்பையில் வைத்தேன். விமானம் கிளம்பியதும் ரூமை ரத்து செய்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. ஏர்போர்ட்டிலிருந்து வருகிற வழியில் நல்ல காபியாக ஒன்று குடித்தேன்.

காய்கறியை அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்று, பெட்டியிலிருந்த சின்ன வெங்காயத்தை வெளியே எடுக்கச் சொன்னது ஒன்றுதான் நான் உருப்படியாகச் சொன்ன யோசனை.

நடந்ததை மலர்க்கொடி காரில் வரும்போது சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே, முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

வரிசையில் நின்றிருக்கிறாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சுற்றிப் பார்க்க. என்னென்ன பார்க்கப்போகிறீர்கள்? அது நம் பயிற்சியில் இல்லை! முழித்திருக்கிறாள். ஓரமாக ஓர் அறைக்குக் கூட்டிப்போய், தமிழ் தெரிந்த பெண் அதிகாரி ஒருவரை அழைத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஹோட்டலுக்கு போன் செய்திருக்கிறார். அப்படி ஒரு பெயரில் ரூமே இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

அப்புறம் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். பிரசவ லேகியம் ஒரு டப்பா. வசம்பு. கறுப்பு வளையல் நாலு. அடியில், துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துண்டுகள் ஒரு கட்டு. பிறந்த குழந்தையின் உடம்புக்குப் புதுத்துணி உறுத்தும் என்று, என் மனைவியிடம் கேட்டு வாங்கிப் போன என் பழைய வேட்டிகள்தான்.

“இது யார் குழந்தைக்கும்மா?” என்று கேட்டிருக்கிறார் அந்த அதிகாரி.

“யாருக்கும் இல்லைங்க. எனக்கு இங்க யாரும் இல்லைங்க.”

அப்போது பார்த்து மேஜைமேல் இருந்த மலர்க்கொடியின் போன் அடித்திருக்கிறது. திரையில் கோமதி. ஏழாம் மாத வளைகாப்புக்கு நாலு நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது எடுத்த படம். கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவள் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டு மலர்க்கொடி. அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

“இது யாரு?”

“அண்ணன் மகளுங்க.”

இதைச் சொல்லும்போதுதான் காரில் அவள் குரல் உடைந்தது. “பெத்த புள்ளைய, என் புள்ள இல்லன்னு சொல்லிட்டேண்ணே. போன் அடிச்சுக்கிட்டே கெடக்கு… எடுக்க முடியல.”

வண்டியை ஓரம் கட்டினேன். கட்டிவிட்டு என்ன செய்தேன்? ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘நான் சொல்லிக்கொடுத்ததுதானே’ என்று ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருக்கலாம். வண்டியை மறுபடி கிளப்பினேன்.

பிறகு அந்த நம்பருக்கே பேசி, வெளியே காத்திருந்த மருமகனைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவன் பாவம், உள்ளதைச் சொல்லியிருக்கிறான். மாமியார், பிரசவம், ஒரு மாதம். உள்ளே ஒரு கதை, வெளியே ஒரு கதை. முடிந்தது. அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றும்போது அந்தத் தமிழ் அதிகாரி மெதுவாகச் சொன்னாராம்: “ஏம்மா, மகள் பிரசவத்துக்கு வந்தேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே. எத்தனையோ அம்மாக்கள் வர்றாங்க, விட்டுட்டுத்தானே இருக்கோம். பொய்னு எழுதின பிறகு என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

பாடாலூரில் வண்டியைச் செட்டிகுளம் ரோட்டில் திருப்பப் பார்த்தேன். வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். “தெரு பூரா சொல்லிட்டுக் கெளம்புனேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? உங்க வூட்டுக்கே போலாண்ணே.” அன்றிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். வாசலுக்குக்கூட வருவதில்லை. வெங்காயக் காட்டுக்கு அவள் கொழுந்தனார் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

மறுபடி அனுப்ப வழி இருக்கிறதா என்று கேட்க லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். அங்கே டிக்கெட் புக்கிங் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அந்த ஊரில் பாதிப் பேரை வளைகுடாவுக்கு ஏற்றிவிட்டவர். யார் யாரை எதற்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பது அவருக்கு விரல் நுனியில்.

“பாஸ்போர்ட் முடிய ஆறு மாசத்துக்குக் கம்மியா இருந்தா திருப்பிடுவான் சார். ரிட்டர்ன் டிக்கெட் இல்லன்னா கேப்பான். தங்குற அட்ரஸ் இல்லன்னா கேப்பான். டிக்கெட்டுல ஒரு பேரு, பாஸ்போர்ட்டுல ஒரு பேருன்னா போச்சு. முன்னாடி போனப்ப நாள் தாண்டித் தங்கியிருந்தா கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துடும். ஆனா இதெல்லாம் சரியா இருந்தும் ஒருத்தன் திரும்பி வர்றான் பாருங்க… அவன் வாயால கெட்டவன். ஆபீசருக்கு நம்ம மேல என்ன கோவம்? ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணணும் அவரு. நீங்க சொல்றதும் உங்க பெட்டியும் ஒத்துப்போனா முத்திரை. ஒத்துப்போகலன்னா ஓரமா உக்காரு. அவ்ளோதான்.”

மலர்க்கொடி விஷயத்தைச் சொன்னேன். கடிதம் இருந்ததையும் சொன்னேன்.

“யா அல்லாஹ்! மருமகன் லெட்டர் இருந்துச்சா? ஆஸ்பத்திரி சீட்டுமா? இதவிட நல்ல கேஸ் எங்க சார் கெடைக்கும்? எந்தக் கிறுக்கன் சார் அந்தம்மாவுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?”

“தெரியல பாய்” என்றேன்.

அந்த இடத்தில்கூடப் பாருங்கள்! எனக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர் அதிகாரிகூட இல்லை. நண்பர். உண்மையைச் சொன்னால் ஒரு தடவை திட்டுவார், ஒரு டீ சொல்வார். அதற்கும் பொய்.

எங்கிருந்து வருகிறது இது? நாம் எல்லோரும் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். அரை டிக்கெட்டுக்காக வயது குறைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் ஏறுகிறார்கள்! தாலுகா ஆபீசுக்குப் போவதென்றால் என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்க்கிறோம். உள்ளதைச் சொன்னால் வேலை நடக்காது என்பதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்துவிட்டாலே வாய் தானாக ஒரு கதையைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. மலர்க்கொடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. நான் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துப் பழக்கினேன்.

ஒரு தடவை திருப்பி அனுப்பிவிட்டதால் இனி முன்கூட்டியே அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவேண்டும், அதற்கு நாளாகும் என்றார் பாய். குழந்தை அதுவரை காத்திருக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். அந்தச் சந்தோஷத்தை முழுசாகப் படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஹாலில் உட்கார்ந்து மலர்க்கொடி போனில் பேத்தியைப் பார்த்தாள். “தலைக்கு அடியில கைய குடுங்க மாப்ள… அப்படி இல்ல, உள்ளங்கையில தாங்குங்க” என்று சொல்லிக்கொண்டே, போனுக்கு வெளியே தன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் மருமகன் பயந்து பயந்து தூக்கினான். கோமதி முகத்தில் களைப்பு. அவள் திடீரென்று கேட்டாள்:

“அந்த லெட்டர மட்டும் காட்டியிருந்தா நீ இப்ப இங்க இருந்திருப்பம்மா. ஏம்மா காட்டல?”

நான் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் என் முகம் தெரியாத தூரம்.

“கைமறதியா அழிஞ்சுபோச்சும்மா” என்றாள் மலர்க்கொடி. “அவங்க கேக்கறப்ப பயத்துல என்னென்னமோ ஒளறிட்டேன். உங்கம்மா படிக்காதவதானே… எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

போனை வைத்த பிறகு, “ஏன் என் பேரைச் சொல்லல?” என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “சொன்னா அந்தப் புள்ள உங்ககூட பேசாதுண்ணே. அப்பன் இல்லாத புள்ள. தாய்மாமன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

அதற்குப் பிறகு கோமதி எனக்கு மூன்று முறை போன் செய்துவிட்டாள். குழந்தையைக் காட்டத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் அனுப்பினேன். பெரம்பலூரில் எனக்கு என்ன மீட்டிங்?

இதை எழுதப்போகிறேன் என்று மலர்க்கொடியிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள். கோமதி எங்கே இருந்தாலும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவள். அதனால் மற்றவர்கள் மன்னிக்கவேண்டும், கடைசி நாலு வரி அவளுக்கு.

கோமதி, கடிதம் கைமறதியாக அழியவில்லை. நான் அழிக்கச் சொன்னேன். உன் அம்மா பயத்தில் உளறவும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொன்னாள்.

போன் பண்ணு. எடுக்கிறேன்.