போடிமெட்டு ஜீப்பில் பார்த்த கால்கள்

அம்மாவின் காலில் புடைத்திருந்த நரம்பு ஏலத்தோட்டத்தில் வெடித்து ரத்தம் கொட்டியது. அட்டைக்கடிக்குப் பயந்து எப்போதும் நீளக் காலுறை போட்டிருப்பார் என்பதால், எனக்கே அதுவரை தெரியாது. மதுரையில் ஊசி போட்டார்கள். அன்றே நடந்தார்.

அவர் வேலைக்குத் திரும்பிய காலையில், தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்பில் நானும் போனேன். அந்த மருந்து நரம்பை உள்ளேயே ஒட்டி மூடிவிடும் என்று எல்லோரிடமும் உற்சாகமாக விளக்கினேன்.

“டாக்டரம்மா காலையிலேயே ஊசியோட ஏறிருச்சு,” என்று ஒருத்தி சொல்ல, ஜீப்பே சிரித்தது.

எதிரே இருந்த அக்கா மட்டும் சிரிக்காமல் தன் காலுறையை உருட்டி இறக்கினார். முழங்கால்வரை நீல முடிச்சுகள்.

“எனக்கும் வெடிச்சாத்தான் போடுவாகளா, ஆத்தா?”

“முன்னாடியே போடலாம்க்கா.”

அதைக் கேட்டதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் காலுறையை இறக்கினார்கள். அத்தனை கால்களிலும் முடிச்சுகள்.

ஏலக்காய் வாசம் வந்தால் அந்தக் கால்கள் கண்முன் நிற்கின்றன. ஏலக்காய்ச் சந்தை ஊரான எங்கள் போடியில் அந்த வாசம் இல்லாத தெரு எது?