அண்ணிக்கு விழுந்த வெள்ளைப் பூ

கருப்பர் சாமியை நம்பி வாழும் உறவுகளே, இனிக்க இனிக்க எழுத நான் வரவில்லை. என் அண்ணன் உயிரோடு இருக்கிறான். அதற்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். அந்தச் சாட்சியில் உங்களில் சிலர் பேசிய பேச்சும் வரும். பொறுக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடியில் துபாயிலிருந்து திரும்பிய அண்ணனுக்குக் கால்கள் வீங்கியிருந்தன. புதுக்கோட்டையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் பழுது. டயாலிசிஸுக்கும் ஆலங்குடி வீட்டுக்கும் அலைந்தே அவன் உடம்பு கரைந்தது. சொந்தத்தில் ஒருவர் ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைப்பான் என்றார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் மறுத்துவிட்டார். நான் கொடுக்கிறேன் என்றேன்.

பெரியப்பா சிரித்தார். "பட்டிமன்றத்துல பேசுற மாதிரி பேசாத தாயி. கட்டிக்குடுக்க வேண்டிய புள்ள நீ. வயித்துல தழும்போட நின்னா எவன் வருவான்? தாலி வாங்குனவ கல்லு மாதிரி இருக்காள்ல, அவ குடுக்கட்டும்."

அண்ணியைத்தான் சொன்னார். அவள் கொடுக்கலாமா என்று கருப்பர் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. சாமியே உத்தரவு கொடுத்துவிட்டது என்று குலவை போட்டார்கள்.

பட்டிமன்ற மேடையில் வளர்ந்தவள் நான். தலைப்பை வைத்தவர் யார் என்றுதான் முதலில் பார்ப்பேன். சாமியிடம் அண்ணியைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். பெரியப்பா பெயரில் ஒரு பொட்டலம் கட்டவில்லை. வாட்டசாட்டமான அவர் மகன் பெயரிலும் கட்டவில்லை. கேட்கப்படாத கேள்விக்குக் கருப்பர் எப்படிப் பதில் சொல்வார்?

திருச்சி ஆஸ்பத்திரியில் அண்ணிக்குப் பரிசோதனை தொடங்கியது. ரத்தப் பிரிவு பொருந்தியது. இதயமும் நுரையீரலும் சீராக இருந்தன. ஸ்கேன் அறை வாசலில் என் கையைப் பிடித்தாள். "பயமா இருக்கு பாப்பா. ஒங்க அண்ணன்ட்ட சொல்லிறாத." அவளிடம் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

கதவு மூடியது. நான் கைகூப்பவில்லை. சண்டைதான் போட்டேன். 'கருப்பா, பயந்தவளைப் பிடித்துத் தள்ளவா உன்னைக் கும்பிடுகிறோம்? இவளை விடு. என்னை எடுத்துக்கொள். அண்ணனையும் விட்டுவிடாதே.' கண்ணீர் வந்தது. கோபம் குறையவில்லை.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "இவங்களுக்குப் பொறந்ததுலேர்ந்தே ஒரு கிட்னிதான்மா. இவங்ககிட்ட எடுக்கவே கூடாது."

உறவுகள் வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். பெரியம்மா மாரில் அடித்துக்கொண்டார். "ஒத்தக் கிட்னிக்காரிய நம்ம தலையில கட்டிட்டாங்களே! பொண்ணு பாக்கையிலயே மறைச்சிருக்காங்க!" அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் வீட்டார் எங்கிருந்து மறைப்பார்கள்? அவளை அந்த அறைக்குள் அனுப்பி, அவள் காக்க வேண்டிய ஒற்றைச் சிறுநீரகத்தைக் காட்டித் தந்தவர் கருப்பர். நீங்கள் கேட்டது வேறு, அவர் நினைத்தது வேறு.

பிறகு நான் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. அம்மாவையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், மனநல மருத்துவர் என்று எனக்கும் அதே வரிசை. எல்லாம் பொருந்தியது. கடைசியில் அனுமதி தரும் குழுவினர் என்னைத் தனியே உட்கார வைத்தார்கள்.

"யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களாம்மா?"

"இல்லைங்க. தடுக்கத்தான் செஞ்சாங்க."

ஒருவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சை முடிந்து நான் கண் விழித்தபோது அண்ணி குனிந்து சொன்னாள்: "ஒங்க அண்ணனுக்கு ஒன்னுக்கு வந்துருச்சு பாப்பா." எந்தக் கைதட்டலும் என்னை இப்படி அழவைத்ததில்லை.

இன்று அண்ணன் ஆலங்குடியில் கடலை வியாபாரம் செய்கிறான். நான் ஆண்டுதோறும் என்னைப் பரிசோதித்துக்கொள்கிறேன். ஒற்றைச் சிறுநீரகத்தைக் காக்க, அண்ணி கண்ட மாத்திரைகளைத் தொடுவதில்லை. தழும்பைக் கேள்விப்பட்டு இரண்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போனார்கள். அவர்களை வடிகட்டிக் கொடுத்ததற்கும் கருப்பருக்கு நன்றி.

உங்கள் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் கருப்பரிடம் போங்கள். கெஞ்ச வராவிட்டால் சண்டை போடுங்கள்; அதையும் அவர் கேட்பார். ஆனால் இன்னொருத்தியின் உடம்பைத் தட்டில் ஏந்திக்கொண்டு போகாதீர்கள். உங்கள் உடம்போடு போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவர் கைவிடவில்லை.