எட்டுத் துண்டு சுவரொட்டி

மாதுளம்பழம் சாப்பிடச் சொல்லாத ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். என் மனைவிக்கு ரத்தம் ஏழு புள்ளி நான்குதான் இருக்கிறது என்று சீட்டு வந்த வாரத்தில் ஒன்பது பேர் வந்து பார்த்தார்கள். ஒன்பது பேரும் மாதுளை என்றார்கள். ஆறு பேர் பேரீச்சம்பழத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர்கூட இரண்டில் ஒன்றைக் கையில் கொண்டுவரவில்லை. அத்தனை பேருக்கும் நின்றுகொண்டு டீ போட்டவள் ரத்தமில்லாத அவள்தான்.

ஓசூரில் இருக்கும் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். குறைந்த செலவில் சத்தான சமையலாம். அதில் ஒரு பெண் முதல் வேலையாகப் பதினைந்து முந்திரியை ஊறவைத்தாள். அதோடு அணைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் மனைவிக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. மூன்று வருடமாக என்னிடம் சொல்லாமல் குடம் தூக்கினாள், குனிந்து வாசல் கூட்டினாள், ரேஷன் வரிசையில் நின்றாள். பஸ்ஸில் உட்காரவே முடியாமல் போன பிறகுதான் வாயைத் திறந்தாள். தருமபுரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், ஆனால் ரத்தம் பத்தைத் தொட்டால்தான் மயக்க மருந்து கொடுக்க முடியும் என்றார். மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது, சாப்பாடும் சேர வேண்டும், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார். நான் வேண்டுமானால் என் ரத்தத்தைக் கொடுக்கிறேன் என்றேன். என் வயதைக் கேட்டுச் சிரித்தார்கள். வந்ததற்கு உங்களுக்கும் பார்த்துவிடுவோம் என்று விரலில் குத்தினார்கள். பதினொன்று புள்ளி இரண்டு.

அன்றிலிருந்து சமையலை நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்குச் சமையலைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கக்கூடாது. இருபத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவன். ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் பருப்பு, எத்தனை கிராம் எண்ணெய் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். முட்டை போடுகிற நாளில் வரிசையின் கடைசியில் போய் நிற்பேன். முட்டை தட்டில் விழுந்தால் போதாது, வாய்க்குள் போக வேண்டும். வீட்டில் தம்பிக்குக் கொடுக்க என்று பாவாடையில் முடிந்துகொண்ட பிள்ளைகளை அவிழ்க்கச் சொல்லி, என் கண் முன்னால் தின்னவைத்து அனுப்பியிருக்கிறேன். கல்நெஞ்சுக்காரன் என்று பெயர். இருக்கட்டும். அந்த வேலைக்குத் தருகிற ஓய்வூதியம் மாதம் இருபதாம் தேதி வரைக்கும்கூடத் தாங்காது. அந்தப் பணத்துக்குள் அவள் ரத்தத்தை இரண்டரை புள்ளி ஏற்ற வேண்டும்.

முந்திரி இல்லாமலே ஏற்றலாம் என்று எனக்குத் தெரியும். ரேஷனில் போடுகிற கேழ்வரகில் களி. கொள்ளை இரவில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டு, முளை வந்ததும் பூண்டும் மிளகாயும் வைத்துக் கடைந்தேன். பின் தெருவில் யாரும் சீந்தாத முருங்கைமரம் ஒன்று இருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அதன் கீரையை உருவி வந்து, ஆளுக்கு ஒன்று என்று இரண்டு முட்டை உடைத்து ஊற்றிப் பொரியல் செய்தேன். இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு டீ கிடையாது என்று சட்டம் போட்டேன். சாயங்காலம் கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு துண்டு வெல்லமும்.

ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல், ரத்தம் ஊறுவதற்கு அதைப்போல வேறொன்று இல்லை. ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். காலை ஆறு மணிக்குள் கறிக்கடையில் நிற்காவிட்டால் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும் சிரிப்பார்.

"வாத்தியாரே, ஆடு இன்னும் கத்திக்கிட்டு இருக்குது. அதுக்குள்ள அதோட மண்ணீரலக் கேட்டா எப்படிங்க?"

நான் வாத்தியார் இல்லை என்று பல தடவை சொல்லியாயிற்று. வாங்கி வந்து எட்டுத் துண்டாக நறுக்கி, சின்ன வெங்காயம், மிளகு போட்டு வறுப்பேன்.

பரிமாறுவதை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆக்குறத ஆக்குங்க. போடுறது நான் போடுறேன். ஆம்பள கையில கரண்டியக் குடுத்துட்டு நான் சட்டமா உக்காந்தா, பாக்கிறவங்க காறித் துப்புவாங்க."

பார்க்கிறவர் யாரும் இல்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், ஒரு பூனை. ஆனாலும் விட்டுவிட்டேன். அவள் போட, நான் முதலில் சாப்பிடுவேன். பிறகு முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே பேப்பர் பார்ப்பேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். வட்டில் சத்தம் கேட்கும். வட்டில் சத்தம் கேட்டால் சாப்பிடுகிறாள் என்றுதானே அர்த்தம்?

சாப்பாடு ருசியாக இருந்தது. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். உப்பு, உறைப்பு, புளிப்பு எல்லாம் நிறுத்து வைத்ததுபோல இருந்தது. நாற்பத்தோரு வருடமாக இதற்கா இத்தனை பாடு என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன். அவள் உப்பு டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்கு ஏழு புள்ளி ஆறு. மாத்திரை ஒழுங்காகப் போட்டாளா என்று டாக்டரம்மா கேட்டார். வயிற்றைப் பிரட்டுகிறது என்று வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் போட்டேன் என்று அப்போதுதான் சொல்கிறாள். அதையும் என்னிடம் சொல்லவில்லை. சரி, சாப்பாடு எங்கே போயிற்று? நான் சத்தம் போட ஆரம்பித்தேன். அளவு தப்பு, மெஷின் தப்பு, என் கையால் சமைத்துப் போட்டிருக்கிறேன், வேண்டுமானால் எனக்கும் குத்திப் பாருங்கள் என்றேன். குத்தினார்கள்.

பதின்மூன்று புள்ளி ஒன்று.

டாக்டரம்மா இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, சமையல்ல ஒரு குறையும் இல்லீங்க. நல்லா வேலை செஞ்சிருக்குது. அது யாரு வயித்துக்குப் போச்சுன்னு மட்டும் பாருங்க."

திரும்பி வர பஸ் ஏறினோம். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்தாள். மொரப்பூர் தாண்டும்போது கணக்குப் போட்டுவிட்டேன். ஞாயிறு மதியம் என் வட்டிலில் நான்கு துண்டு. "உனக்கு?" என்று கேட்டிருக்கிறேன். "எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். இரவு ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள மறுபடி என் வட்டிலில் நான்கு துண்டு. நாலும் நாலும் எட்டு. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஒரு முட்டை குறைந்தால் ஊரைக் கூட்டியவனுக்கு, தன் வட்டிலில் விழுந்த எட்டைக் கூட்டத் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"முட்டை?"

"கீரையோட சேந்துதான் இருந்துச்சு. கீரையே உங்களுக்குத்தான் போட்டேன்."

"கொள்ளு?"

"கெட்டியா இருக்குறத உங்களுக்கு அள்ளிப் போட்டுட்டு, அடியில இருக்கிறதுல தண்ணி ஊத்திக் களிய முழுங்குனேன். எப்பவும் அப்படித்தானே."

"ஆபரேஷன் உனக்கா எனக்கா?"

"கத்தாதீங்க. போன வருஷம் தலை சுத்துதுன்னு விழுந்தது நீங்கதான். உங்களுக்கும் பதினொண்ணுதான் இருக்குதுன்னு அந்தம்மா சொன்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. எனக்கு ஏழு பழகிப்போச்சு."

பழகிப்போய்விட்டதாம். எனக்கு வந்த கோபத்தில் களி கிண்டும் துடுப்பைச் சுவரில் அடித்தேன். இரண்டாகப் போயிற்று. அவள் இரண்டு துண்டையும் பொறுக்கி, அடுப்புக்காகும் என்று ஓரமாக வைத்தாள். எங்கள் வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு.

"நாப்பத்தொரு வருஷத்துல, நான் என்ன சாப்பிடறேன்னு ஒருநாளாச்சும் குண்டானுக்குள்ள எட்டிப் பாத்தீங்களா? இன்னிக்கு என்ன வந்துச்சு?" என்றாள். அவள் சத்தம் போடவில்லை. அடுத்த வேளைக்கு என்ன என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

 எனக்கு இன்னும் கோபமாக வந்தது.

மறுநாள் சட்டத்தை மாற்றினேன். போடுவது நான். முதலில் சாப்பிடுவது அவள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். வட்டில் காலியானால்தான் எனக்குச் சோறு. பள்ளிக்கூடத்தில் செய்ததுதான். ஆனால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடுவார்கள். இவள் களியில் விரலை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாரோ செருப்புச் சத்தம் கேட்டதும் வட்டிலை முந்தானையால் மூடினாள்.

"ஆம்பள பசியோட எதிர்ல குந்திக்கிட்டு இருந்தா தொண்டையில எப்படி எறங்கும்?"

"எறங்குற வரைக்கும் குந்தியிருப்பேன்."

"அப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக் குந்துங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். வட்டில் சத்தம் கேட்டது. இனி நம்பமாட்டேன் என்று பாதியில் திரும்பிப் பார்த்தேன். கீரையையும் முட்டையையும் சேர்த்து ஒரு வாய் வைத்து மென்றுகொண்டிருந்தாள். முகம் சுளித்திருந்தது.

"உப்பே இல்ல," என்றாள்.

"இத்தன நாளா இதே அளவுதானே போட்டேன்?"

"இத்தன நாளா நீங்க கை கழுவப் போறப்ப நான் போட்டேன். புளியும் கரைச்சு ஊத்துவேன். இல்லைன்னா அது மனுசன் வாயில வெக்கிறதா?"

உப்பு டப்பாவை அவள் முன்னால் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட, அடித்து வைத்தேன் என்பதுதான் சரி. போட்டுக்கொண்டாள். மூன்று களி உருண்டையும் இறங்கிய பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

இது நடந்து ஏழு வாரம். மாத்திரையையும் என் கையாலேயே எடுத்து வாயில் போடுகிறேன். முந்தாநாள் பார்த்ததில் ஒன்பது புள்ளி மூன்று. பத்து ஆகவில்லை; ஆபரேஷனுக்கு நாள் கொடுக்கவில்லை. வரும் ஞாயிறு சுவரொட்டிக்குப் பாயிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எட்டுத் துண்டும் அவளுக்கு. போன ஞாயிறு எட்டையும் தின்றுவிட்டு, மிளகு தூக்கல், வெங்காயம் வேகவில்லை, நல்லெண்ணெய் விட்டிருக்கலாம் என்று மூன்று குறை சொன்னாள். மூன்றையும் எழுதிவைத்திருக்கிறேன்.